எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியுமா? மீளாக் கொடை, மீளா வாக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அத்தை தனக்கென்று இருந்த ஒரே வீட்டை இளைய மகன் பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தபோது அவருக்கு வயது 68. மூன்று வருடத்தில் அதே வீட்டின் பின்கட்டில் ஓர் அறைக்குள் ஒதுக்கப்பட்டார். "நான் குடுத்ததுதானே, நானே ரத்து பண்ணிடறேன்" என்று கிளம்பியவரைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனவன் நான். முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்து பத்திரத்தைப் படித்துக் காட்டினேன். "இந்த செட்டில்மெண்டை எக்காலத்திலும் எக்காரணத்தைக் கொண்டும் ரத்து செய்யக் கடவேனல்ல" என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது. அப்படி ஒரு வரிக்குக் கீழேதான் கைநாட்டு வைத்தோம் என்பதே அவருக்குத் தெரியாது.

அதற்கப்புறம் உறவிலும் தெருவிலும் பலர் என்னிடம் இதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். நான் வக்கீல் இல்லை. ஆனால் கேள்விக்குப் பதில் தேடப்போய் சட்டத்திலிருந்து கல்வெட்டுக்கும், அங்கிருந்து வேத நூல்களுக்கும் போய்விட்டேன். போன இடமெல்லாம் ஒரே விஷயத்தைப் பார்த்தேன். "இனி மாற்ற முடியாது" என்று சொன்ன எல்லா மரபும் எங்கோ ஒரு கதவை வைத்திருக்கிறது. ஆனால் அதன் சாவி எழுதிக் கொடுத்தவர் கையில் இருப்பதில்லை, ஒரு மூன்றாம் நபரிடம் இருக்கிறது.

செட்டில்மெண்ட் பத்திரத்தை நான் மட்டும் போய் ரத்து செய்ய முடியாதா?

முடியாது. விலை வாங்காமல் உறவுக்கு எழுதிக் கொடுக்கும் செட்டில்மெண்டும் ஒரு தானம்தான். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, தானம் கொடுப்பவர் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டு, பதிவாகி, வாங்குபவர் ஏற்றுக்கொண்டால் அது முடிந்துபோன காரியம். வீட்டின் சாவியைக் கொடுக்கவில்லை, இன்னும் நான்தான் குடியிருக்கிறேன் என்று சொல்வதும் உதவாது. பதிவு செய்து ஏற்றுக்கொண்ட தானத்துக்குச் சுவாதீனம் (சொத்தைக் கையில் ஒப்படைப்பது) கொடுத்திருக்க வேண்டிய கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

முன்பெல்லாம் தமிழ்நாட்டில் ஒருதலையாக ரத்துப் பத்திரம் எழுதிப் பதிவு செய்வது சகஜமாக நடந்தது. அப்படிப் பதிவு செய்யும் அதிகாரம் சார்பதிவாளருக்குக் கிடையாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2011-இல் கிரயப் பத்திரங்களைப் பற்றியும், 2022-இல் தானம், செட்டில்மெண்ட் பற்றியும் தீர்ப்பு சொன்னது. ஏமாற்றி வாங்கினார்கள், மிரட்டி வாங்கினார்கள் என்றால் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். உண்மை தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் போக வேண்டும்.

உயிலை மட்டும் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாமே?

ஆமாம், சாகும்வரை மாற்றலாம். "இதுவே என் கடைசி உயில், இனி மாற்ற மாட்டேன்" என்று எழுதியிருந்தாலும் மாற்றலாம். உயில் நாம் போன பிறகுதான் உயிர் பெறுகிறது. செட்டில்மெண்ட் கையெழுத்திட்ட அன்றே உயிர் பெற்றுவிடுகிறது. இந்த ஒரு வித்தியாசம் புரியாமல் வீட்டை இழந்தவர்கள் எத்தனையோ பேர். "பிள்ளை பேருக்கு எழுதி வச்சுட்டேன்" என்று நம் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொற்றொடரைப் பயன்படுத்துகிறோம். அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

"எனக்குத் தோன்றினால் திரும்ப எடுத்துக்கொள்வேன்" என்று பத்திரத்திலேயே எழுதிவிட்டால்?

அந்த நிபந்தனை செல்லாது என்று மட்டும் நினைக்காதீர்கள், அந்தத் தானமே செல்லாமல் போகும். சொத்து மாற்றுச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. சட்டமே ஓர் உதாரணம் தருகிறது: ஒருவர் ஒரு லட்சம் ரூபாய் தானம் கொடுத்து, அதில் 10,000 ரூபாயை விரும்பியபோது திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று சொன்னால், 90,000 ரூபாய்க்குத் தானம் செல்லும், 10,000 ரூபாய்க்குச் செல்லாது, அது கொடுத்தவருடையதாகவே இருக்கும்.

ஆனால் கொடுப்பவரின் விருப்பத்தைச் சாராத ஒரு நிகழ்ச்சியை நிபந்தனையாக வைக்கலாம். வாங்கியவரும் அவர் சந்ததியும் எனக்கு முன்னால் இறந்துவிட்டால் நிலம் எனக்கே திரும்பும் என்பது சட்டம் தரும் இன்னொரு உதாரணம். இருவரும் சம்மதித்து அதை முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும்.

பிள்ளைகள் கவனிக்கவில்லை என்றால் ஒன்றுமே செய்ய முடியாதா?

செய்யலாம். என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. அதன் 23-ஆம் பிரிவு 60 வயது நிரம்பியவர்களுக்கானது. அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒருவர் சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்க மறுத்தால், அந்தப் பத்திரம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ எழுதப்பட்டதாகவே கருதப்படும். கொடுத்தவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம். சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு எழுதிய பத்திரங்களுக்குத்தான் இது பொருந்தும்.

சிக்கல் "நிபந்தனையோடு" என்ற சொல்லில் இருக்கிறது. நம்மூர்ப் பத்திரங்களில் "அன்பினாலும் அபிமானத்தினாலும்" எழுதிக் கொடுப்பதாகத்தான் இருக்கும். எனக்குச் சோறு போட வேண்டும் என்று பெற்ற பிள்ளையிடம் பத்திரத்தில் எழுதிக் கேட்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில், நிபந்தனை இருந்ததை நிரூபிக்காமல் 23-ஆம் பிரிவைப் பயன்படுத்த முடியாது என்றது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், இது முதியோர் நலனுக்கான சட்டம், தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று சொல்லி, மகனுக்குக் கொடுத்த தானத்தை ரத்து செய்து, சொத்தைத் தாயிடம் திரும்ப ஒப்படைக்க உத்தரவிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் நாகப்பட்டினம் வழக்கு ஒன்றில் இன்னும் ஒரு படி மேலே போனது. அன்பும் பாசமும்தான் பத்திரத்துக்குக் காரணம் என்றால், அந்த அன்பே உள்ளடங்கிய நிபந்தனை, வெளிப்படையாக எழுதியிருக்கத் தேவையில்லை என்றது. அந்தத் தீர்ப்பைப் படித்த அன்று எனக்கு அத்தை ஞாபகம் வந்து மனசு கனத்துப்போனது.

இருந்தாலும் இதை நம்பி நிபந்தனையை எழுதாமல் விடாதீர்கள். எழுதிய ஒரு வரி, பின்னால் ஐந்து வருட வாதத்தை மிச்சப்படுத்தும்.

கொடுத்தவரே கேட்கும்போது சட்டம் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது?

வாங்கியவர் பக்கமிருந்து பாருங்கள். அப்பா கொடுத்த மனையில் ஒரு மகள் கடன் வாங்கி வீடு கட்டுகிறாள். நாளைக்கு அண்ணன் வந்து அழுதான் என்று அப்பா மனம் மாறினால் அவள் கதி என்ன? நகை அடகு வைத்துப் போட்ட சுவர், பத்து வருட வட்டி, எல்லாம் அந்தக் கையெழுத்தை நம்பித்தான். மாறாது என்ற உறுதி இல்லாமல் யாரும் அஸ்திவாரம் தோண்ட மாட்டார்கள்.

நம் பேச்சிலேயே இதற்கு ஒரு பழைய சொல் இருக்கிறது, தாரை வார்த்தல். தானம் கொடுப்பவர் வாங்குபவர் கையில் நீர் வார்ப்பார். நீர் விழுந்த கணத்தோடு கொடை முடிந்தது. சிந்திய நீரை அள்ள முடியாது. கல்வெட்டுகளிலும் நீர் வார்த்துக் கொடுத்ததாக வரும். இன்றும் கல்யாணத்தில் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கிறார்கள். மாவலி கதையில் சுக்கிராச்சாரியார் தடுக்கப் பார்ப்பதும் இந்த நீரைத்தான். வந்தவன் யார் என்று எச்சரித்தும் மாவலி கேட்காததால், அவர் வண்டாக மாறிக் கெண்டியின் மூக்கை அடைத்துக்கொண்டாராம். வாமனன் தர்ப்பைப் புல்லால் குத்த, அவருக்கு ஒரு கண் போயிற்று, நீர் விழுந்தது, மூன்றடியும் போயிற்று. நீர் விழும்வரை தடுக்கலாம், விழுந்தபின் தடுக்க முடியாது என்பது அந்தக் கதையைச் சொன்னவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் நன்றாகத் தெரிந்திருக்கிறது. இன்று அதே சொல்லை, அநியாயமாகக் கைவிட்டுப் போனதற்கு, "உரிமையைத் தாரை வார்த்துவிட்டார்கள்" என்று வருத்தத்தோடு சொல்கிறோம்.

கோயில் கல்வெட்டுகளில் "சூரிய சந்திரர் உள்ளவரை" என்று வருகிறதே, அதுவும் இதுதானா?

அதேதான். "சந்திராதித்தவல்" என்பது அந்தத் தொடர். நிலவும் கதிரும் இருக்கும்வரை என்று பொருள். பழைய கிரயப் பத்திரங்களில் "புத்திர பௌத்திர பாரம்பரியமாய்" என்று எழுதுகிற வழக்கத்திலும் அதே மனசைப் பார்க்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது நந்தா விளக்குக் கொடை. ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகளைக் கோயிலுக்குக் கொடுப்பார்கள். இடையர்கள் அவற்றை ஏற்று, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்துவர வேண்டும். அந்த ஆடுகளுக்குப் பெயர் "சாவா மூவாப் பேராடு". சாகாத, மூப்படையாத ஆடுகள்! ஆடு சாகும், அது எல்லோருக்கும் தெரியும். செத்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருப்பதுதான் இடையரின் பொறுப்பு. நிலைத்திருப்பது எந்த ஓர் ஆடும் இல்லை, 96 என்ற எண். என்றென்றைக்குமான ஒரு வாக்கை எப்படி நடத்திக் காட்டுவது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

காகிதமும் ஓலையும் போதாது என்றுதான் கல்லுக்குப் போனார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில், நாம் கொடுத்தனவும் நம் அக்கன் கொடுத்தனவும் நம் பெண்டுகள் கொடுத்தனவும் மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும் விமானத்தில் கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் ஆணையிட்டான். கல்லும் போதாது என்று கடைசியில் ஒரு காவலும் வைத்தார்கள். இந்தத் தர்மத்தைக் காப்பவன் பாதம் என் தலைமேல் என்று கொடுத்தவரே எழுதிவைப்பார். அழிப்பவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று சாபமும் வரும். கொடுத்தவர் இன்னும் பிறக்காத யாரோ ஒருவரின் காலைத் தலையில் தாங்குகிறார். தனக்குப் பிறகு வருபவரைக் கட்டாயப்படுத்த முடியாது, கெஞ்சத்தான் முடியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அப்படிக் கொடுத்தவை நிலைத்தனவா?

பெரும்பாலும் இல்லை. பல கோயில்களில் விளக்குக் கல்வெட்டு இருக்கிறது, அந்த விளக்கு இல்லை. தமிழ்நாட்டில் ஜமீன் நிலங்கள் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், சிறு இனாம்கள் (மானிய நிலங்கள்) 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் ரயத்துவாரியாக, அதாவது நிலம் வைத்திருப்பவர் நேரடியாக அரசுக்கு வரி கட்டும் முறைக்கு, மாறின. ஆனால் கோயில் சொத்துக்குக் காவல் போய்விடவில்லை. 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் விற்றாலும், அடகு வைத்தாலும், ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விட்டாலும் செல்லாது. அனுமதி கேட்பதற்கும் அறக்கட்டளைக்கு அவசியமோ நன்மையோ இருக்க வேண்டும். சாவி மூன்றாம் நபரிடம் என்று சொன்னேனே, இங்கே அந்த மூன்றாம் நபர் ஆணையர்.

நிலைத்தவையும் உண்டு. முல்லைப் பெரியாறு அணைக்காகத் திருவிதாங்கூர் 1886 அக்டோபர் 29 அன்று கையெழுத்திட்ட குத்தகை 999 ஆண்டுகளுக்கானது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருடம் ஐந்து ரூபாய். 1970-இல் இரண்டு மாநிலங்களும் பேசி வாடகையை 30 ரூபாய் ஆக்கினார்கள், காலத்தைத் தொடவில்லை. திருவிதாங்கூர் போய், ஆங்கிலேயர் போய், மாநில எல்லைகளே மாறிய பிறகும் அந்தக் குத்தகை செல்லும் என்று 2014-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னது. தேனி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்து விவசாயிக்கு இது வெறும் வரலாறு இல்லை, வயலில் நிற்கும் தண்ணீர்.

ஒரு நாடு தன் வாக்கை மீறலாமா?

மன்னர் மானியத்தைப் பாருங்கள். சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்தபோது அரசர்களுக்கு மானியம் தருவதாக அரசியல் சாசனத்தின் 291-ஆம் பிரிவிலேயே எழுதிக் கொடுத்தார்கள். 1970-இல் குடியரசுத் தலைவரின் ஆணையால் அதை நிறுத்தப் பார்த்தபோது உச்ச நீதிமன்றம் தடுத்தது. அடுத்த ஆண்டு 26-ஆவது திருத்தத்தால் சாசனத்தையே மாற்றி நிறுத்தினார்கள். பொதுப்பணத்தில் அரசர்களுக்கு மானியம் தருவது ஒரு குடியரசுக்குப் பொருந்தாது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனாலும் எழுதிக் கொடுத்த கையே எழுத்தை அழித்தபோது ஏதோ ஒன்று உடைந்தது என்பதையும் மறைக்க முடியாது.

எந்தப் பெரும்பான்மையாலும் தொட முடியாதவை என்று சிலவற்றைக் கட்டிவைத்த நாடுகளும் உண்டு. ஜெர்மனியின் 1949 சாசனம் மனித மாண்பையும் ஜனநாயகத்தையும் திருத்தத்துக்கு அப்பால் வைத்தது. ஹிட்லர் காலத்தைப் பார்த்தவர்கள் எழுதியது அது. நம் நாட்டில் 1973 ஏப்ரல் 24 அன்று, கேசவானந்த பாரதி வழக்கில், ஏழுக்கு ஆறு என்ற கணக்கில், சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது என்று தீர்ப்பானது. ஒரே ஒரு நீதிபதியின் வித்தியாசம்.

கடவுளுக்குக் கொடுத்த வாக்கை மாற்றலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பயத்தோடு கேட்கிறார்கள். மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்து, நேர்த்திக்கடனைச் செலுத்த முடியாமல் வருடங்கள் ஓடிவிட, வீட்டில் எது நடந்தாலும் சாமி குத்தமோ என்று கலங்குபவர்கள். அவர்களுக்கு நான் யெப்தாவின் கதையைச் சொல்வேன்.

விவிலியத்தில் நியாயாதிபதிகள் நூலின் 11-ஆம் அதிகாரத்தில் வருகிறது. போரில் வென்று திரும்பினால் என் வீட்டு வாசலிலிருந்து முதலில் எதிரே வருவதைப் பலியிடுவேன் என்று யெப்தா கடவுளிடம் பொருத்தனை செய்கிறான். வென்று வருகிறான். எதிரே ஆடிப் பாடி வருவது அவனுடைய ஒரே மகள். வாயைத் திறந்து சொல்லிவிட்டேன், மாற்ற முடியாது என்று அழுகிறான். யூத ஆசான்கள் இந்தக் கதையைப் படித்துவிட்டு யெப்தாவைப் பாராட்டவில்லை, கண்டித்தார்கள். பொருத்தனையிலிருந்து விடுவிக்கும் அதிகாரம் பினெகாஸ் என்ற ஆசாரியனிடம் இருந்தது. நான் தலைவன், நானா அவனிடம் போவேன் என்று யெப்தா இருந்தான். நான் ஆசாரியன், நானா போவேன் என்று பினெகாஸ் இருந்தான். இருவரின் கர்வத்துக்கு நடுவில் பெண் போனாள் என்கிறது அவர்களின் மரபு. இன்றும் யூதர்கள் மூன்று பேர் முன்னால் நின்று பொருத்தனையிலிருந்து விடுதலை கேட்கும் சடங்கை வைத்திருக்கிறார்கள்.

குர்ஆனிலும் வழி இருக்கிறது. சத்தியத்தை முறித்தால் பத்து ஏழைகளுக்கு உணவோ உடையோ கொடுக்க வேண்டும், அல்லது ஓர் அடிமையை விடுவிக்க வேண்டும், எதுவும் இயலாவிட்டால் மூன்று நாள் நோன்பு வைக்க வேண்டும் என்று ஐந்தாம் அத்தியாயம் சொல்கிறது. ஆக, மதங்கள் வாக்கை லேசாக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை, ஆனால் ஒரு குழந்தையைப் பலிகொடுக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடிக்கவும் சொல்லவில்லை.

முஸ்லிம்களின் ஹிபா என்ற தானத்துக்கும் இதே சட்டமா?

இல்லை. சொத்து மாற்றுச் சட்டத்தின் தானப் பகுதி முஸ்லிம் சட்டப்படியான தானத்தைக் கட்டுப்படுத்தாது. ஹிபாவுக்குச் சுவாதீனம் கொடுப்பது அவசியம், கொடுக்கும்வரை மனம் மாறலாம். கொடுத்த பிறகு, மத்ஹபு எனப்படும் சட்டப் பிரிவுக்குப் பிரிவு வேறுபடும். நெருங்கிய ரத்த உறவுக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்க முடியாது என்பது ஹனஃபி. யாருக்குக் கொடுத்ததையும் கேட்க முடியாது, தகப்பன் பிள்ளைக்குக் கொடுத்ததை மட்டும் கேட்கலாம் என்பது ஷாஃபி. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் ஷாஃபிகள் அதிகம், உள்நாட்டில் ராவுத்தர்கள் ஹனஃபி. அதனால் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்த பதில் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம், தெரிந்த ஆலிமையும் வக்கீலையும் கேளுங்கள். வக்ஃபு, அதாவது இறைவனுக்காக நிரந்தரமாக நிறுத்திவைக்கும் அறக்கொடை, வேறு. கைபர் என்ற ஊரில் தனக்குக் கிடைத்த நிலத்தை நபித்தோழர் உமர், விற்கவும் கூடாது, தானமாகக் கொடுக்கவும் கூடாது, வாரிசுக்கும் போகக்கூடாது என்று நிறுத்திவைத்ததுதான் அதற்கு முன்மாதிரி.

துறவறமும் குருப்பட்டமும் மீள முடியாதவையா?

கத்தோலிக்கத் திருச்சபையில் ஒருவர் குருவானால் அந்த முத்திரை அழியாது. பணியிலிருந்து விடுவிக்கலாம், திருமணம் செய்ய அனுமதி தரலாம், பட்டம் பெறாதவராக ஆக்க முடியாது. இந்து மரபில் சந்நியாசம் வாங்குபவர் தனக்குத் தானே சிராத்தம் செய்துகொள்கிறார். பழைய இந்துச் சட்டம் அதை உலக வாழ்வில் மரணமாகவே எடுத்துக்கொண்டு, பிறந்த குடும்பத்துச் சொத்தில் பங்கில்லை என்றது.

பழந்தமிழில் இதைப் போன்ற மீளா முடிவு வடக்கிருத்தல், அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் உயிர் விடுவது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது புலவர் பொத்தியாரும் கூட உட்கார வந்தார். மனைவி கருவுற்றிருக்கிறாள், மகன் பிறந்தபின் வா என்று அவரை அரசன் திருப்பி அனுப்பினான். அவர் திரும்பி வந்தபோது அரசன் நடுகல்லாகியிருந்தான். எனக்குரிய இடம் எது என்று அந்தக் கல்லிடம் கேட்கும் பாட்டு புறநானூற்றில் 222-ஆவது. தான் எடுத்த முடிவைச் சாகும்வரை மாற்றாத அரசன், நண்பனின் முடிவைத் தள்ளிப்போட வைத்தான், ஒரு பிறக்காத குழந்தைக்காக.

தத்து எடுத்ததை ரத்து செய்யலாமா?

கூடாது. 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, முறையாக நடந்த தத்தை எடுத்தவர்களும் ரத்து செய்ய முடியாது, பிள்ளையும் உதறிவிட்டுப் பிறந்த குடும்பத்துக்குத் திரும்ப முடியாது. எனக்குத் தெரிந்து மாற்றமே கூடாத வாக்குகளில் இதுதான் மிகச் சரியானது.

எழுதப் போகிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

முதலில், இப்போதே கொடுக்க வேண்டுமா, உயில் போதாதா என்று யோசியுங்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் உங்கள் ஆயுள் வரை குடியிருந்து அனுபவிக்கும் உரிமையை வைத்துக்கொண்டு எழுதுங்கள். உணவு, மருத்துவம், இருப்பிடம் மூன்றையும் வாங்குபவர் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள். பத்திர எழுத்தர் வைத்திருக்கும் பழைய மாதிரியில் அது இருக்காது, நீங்கள்தான் கேட்க வேண்டும். கையெழுத்துக்கு முன் முழுப் பத்திரத்தையும், வாங்கப்போகும் பிள்ளையைத் தவிர வேறு ஒருவரைக் கொண்டு, சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஏற்கெனவே எழுதிவிட்டேன். இப்போது எங்கே போவது?

உங்கள் வருவாய்க் கோட்டாட்சியர்தான் தீர்ப்பாயத்தின் தலைவர். பத்திர நகல், வயதுச் சான்று, எப்போதிலிருந்து கவனிக்கவில்லை என்ற விவரம், மருந்துச் சீட்டுகள், இவற்றோடு நீங்களே மனு எழுதிக் கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை. மனு தள்ளுபடியானால் 60 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். வாங்கியவர் சொத்தை வேறொருவருக்கு விற்றுவிட்டால் விஷயம் சிக்கலாகிவிடும், அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

என் அத்தை மனு போடவில்லை. பெத்த பிள்ளை மேல எப்படிடா என்றார். நானும் வற்புறுத்தவில்லை, இன்றுவரை அது எனக்கு உறுத்துகிறது. உங்கள் வீட்டில் யாராவது அப்படிச் சொன்னால், பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தடவை பேசிப் பாருங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், முதியோர் உதவி எண் 14567-க்கு அவரையே பேசச் சொல்லி போனைக் கையில் கொடுங்கள்.